விளையாட்டுத் திடலும் பீடமும்: புனித தொன் போஸ்கோ காட்டும் வழி



ஆண்டுதோறும் ஜனவரி 31-ஆம் நாள் புனித தொன் போஸ்கோவின் திருவிழாவைத் திருச்சபை கொண்டாடுகிறது. பள்ளிகளிலும் இளையோர் இல்லங்களிலும் அவருடைய படத்திற்கு மாலை அணிவிக்கிறோம். சிறுவர்கள் சூழ, சிரித்த முகத்தோடு நிற்கும் அந்தக் குருவானவரின் படம் நமக்கு நன்கு பழக்கமானது. ஆனால் அந்தச் சிறுவர்கள் அவரைச் சுற்றி வந்து நின்றது எப்படி என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. இன்று நம் பங்குகளுக்கு மிகவும் தேவைப்படும் பாடம் அதில்தான் இருக்கிறது.

உறுதிப்பூசுதல் நாளன்று ஆலயம் நிரம்பி வழிகிறது. ஆயர் வருகிறார், பிள்ளைகள் புத்தாடை அணிகின்றனர், வீட்டில் விருந்து நடக்கிறது. அதன்பின் பல பிள்ளைகளை ஞாயிறு திருப்பலியில் தேட வேண்டியிருக்கிறது. மறைக்கல்வி முடிந்துவிட்டது, இனித் தேர்வும் டியூஷனும் போதும் என்ற எண்ணம் மெல்ல நுழைகிறது. பத்து வயதில் கையைப் பிடித்துக்கொண்டு ஆலயத்திற்கு வந்த பிள்ளை, பதினைந்து வயதில் வாசலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்தபடி நிற்கிறான். இந்தப் பிள்ளையை எப்படி உள்ளே அழைப்பது என்று பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் கலங்குகின்றனர். ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் தூரின் நகரில் ஓர் இளம் குரு இதே கேள்வியை எதிர்கொண்டார். அவர் முன் நின்ற பிள்ளைகளின் நிலையோ இதைவிட மோசமானது.

தாயின் மடியில் கற்ற மறைக்கல்வி

யோவான் போஸ்கோ 1815-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் வட இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், பெக்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். 'தொன்' என்பது இத்தாலியில் குருக்களை அழைக்கும் மரியாதைச் சொல். அவருக்கு இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை பிரான்செஸ்கோ நிமோனியாவால் இறந்தார். தாய் மார்கரீத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் செபங்களையும் மறைக்கல்வியையும் மனப்பாடமாக அறிந்திருந்தார். வயலில் வேலை செய்யும்போதும், இரவில் விண்மீன்களைப் பார்க்கும்போதும் கடவுளைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசினார். முதல் நற்கருணைக்கு மகனை அவரே தயாரித்தார். நம்பிக்கையின் முதல் பள்ளி வீடுதான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

யோவானுக்கு ஒன்பது வயதானபோது ஒரு கனவு கண்டார். சிறுவர் கூட்டம் ஒன்று விளையாடிக்கொண்டிருந்தது. அவர்களில் சிலர் கெட்ட வார்த்தைகள் பேசிக் கடவுளைப் பழித்தனர். யோவான் அவர்கள்மீது பாய்ந்து, கையை ஓங்கி அடக்கப் பார்த்தார். அப்போது மாண்புமிக்க ஒருவர் தோன்றி, அடியால் அல்ல, கனிவாலும் அன்பாலும்தான் இவர்களை நண்பர்களாக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். பேரொளி வீசிய ஒரு பெண்மணியும் அங்கே தோன்றினார். கொடிய விலங்குகள் ஆட்டுக்குட்டிகளாக மாறுவதையும் சிறுவன் கண்டான். அந்தக் கனவின் பொருள் அன்று அவருக்கு விளங்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது.

ஆனால் தம்மால் இயன்றதை அவர் அப்போதே தொடங்கினார். சந்தைகளில் வித்தை காட்டுவோரைக் கூர்ந்து கவனித்துக் கற்றுக்கொண்டார். கயிற்றில் நடந்தார், கரணம் போட்டார். அதைப் பார்க்க ஊர்ப் பிள்ளைகள் கூடினர். அவர் கேட்ட கட்டணம் ஒன்றே: எல்லாரும் சேர்ந்து செபமாலை சொல்ல வேண்டும், காலையில் ஆலயத்தில் கேட்ட மறையுரையை அவர் திரும்பச் சொல்லும்போது கேட்க வேண்டும். விளையாட்டும் செபமும் அந்தப் புல்வெளியில் ஒன்றுக்கொன்று பகையாக இருக்கவில்லை.

குருவாக வேண்டும் என்ற ஆசைக்கு வறுமை தடையாக நின்றது. சில காலம் மோலியா குடும்பத்தாரின் பண்ணையில் வேலை செய்தார். முதியவரான தொன் கலோசோ என்ற குரு 1829-ஆம் ஆண்டு அவருக்குக் கல்வி கற்பிக்க முன்வந்தார். தந்தை முகம் அறியாத சிறுவனுக்கு அவர் தந்தையானார். ஆனால் ஓராண்டிலேயே அவரும் இறந்தார். தன்மீது அக்கறை கொண்ட ஒரு குரு கிடைப்பது பதின்ம வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கொடை, அவரை இழப்பது எவ்வளவு பெரிய வெறுமை என்பதை தொன் போஸ்கோ தம் சொந்த வாழ்விலேயே அறிந்தார். பின்னர் கியேரி நகரில் படித்தபோது, பிழைப்புக்காகப் பல வேலைகளைச் செய்துகொண்டே, தோழர்களைச் சேர்த்து 'மகிழ்ச்சிக் கழகம்' ஒன்றை நடத்தினார். கிறிஸ்தவனுக்குத் தகாத சொல்லும் செயலும் கூடாது, மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பவையே அதன் விதிகள்.

ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம்

1841-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தூரின் நகரம் அப்போது வேகமாக வளர்ந்து கொண்டிருந்தது. மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கட்டட வேலையில் கல் சுமந்தனர், புகைபோக்கிகளைத் துப்புரவு செய்தனர். அவர்களுக்குக் குடும்பமும் இல்லை, தங்கள் பங்கு எதுவென்றும் தெரியாது. தம் ஆன்ம வழிகாட்டியான தொன் கஃபாசோவுடன் சிறைகளைச் சந்திக்கச் சென்றபோது, வளரிளம் பருவத்தினர் அங்கே அடைபட்டிருப்பதைக் கண்டு தொன் போஸ்கோ அதிர்ந்தார். விடுதலையானவர்களில் பலர் மீண்டும் சிறைக்கே திரும்பினர். வெளியே அவர்களுக்கென ஒரு நண்பர் இருந்திருந்தால், திருநாள்களில் அவர்களைக் கவனிக்க ஒருவர் இருந்திருந்தால், இந்த நிலை வந்திருக்காதே என்ற எண்ணம் அவரை விடவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருவிழா. புனித அசிசி பிரான்சிஸ் ஆலயத்தில் திருப்பலிக்காக அவர் ஆயத்தமாகிக் கொண்டிருந்தார. பூசை உதவி செய்யத் தெரியாத ஓர் இளைஞன் சக்ரீஸ்து அறைக்குள் வந்து நிற்பதைக் கண்ட கோவில்பிள்ளை, கையிலிருந்த தூசிதட்டும் கோலால் அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ குறுக்கிட்டு, அவன் தம் நண்பன் என்று சொல்லித் திரும்ப அழைக்கச் செய்தார். அவன் பெயர் பர்த்தலோமேயோ கரெல்லி. திருப்பலி முடிந்ததும் இருவரும் அமர்ந்து பேசினர். அப்பா, அம்மா இருவரும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. முதல் நற்கருணை இன்னும் பெறவில்லை. மறைக்கல்விக்கு ஏன் போகவில்லை என்று கேட்டபோது அவன் சொன்ன காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். தன்னைவிடச் சிறியவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தனக்கோ ஒன்றும் தெரியவில்லை, அவர்கள் நடுவில் உட்கார வெட்கமாக இருக்கிறது என்றான்.

ஆலயத்திற்கு வராத பிள்ளைகளைப் பற்றி நாம் பல காரணங்கள் சொல்கிறோம். நம்பிக்கை இல்லை, அக்கறை இல்லை, உலக நாட்டம் கூடிவிட்டது என்கிறோம். வெட்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. நல்ல சட்டை இல்லாத வெட்கம், செபம் மறந்துபோன வெட்கம், நெடுநாள் ஒப்புரவு அருளடையாளம் பெறாத வெட்கம். தொன் போஸ்கோ அந்த வெட்கத்தைப் புரிந்துகொண்டார். தனியாகச் சொல்லிக்கொடுத்தால் வருவாயா என்று கேட்டார். சிலுவை அடையாளம் போடுவதிலிருந்து தொடங்கினார். அதற்கு முன் முழந்தாளிட்டு ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொன்னார். அடுத்த ஞாயிறு கரெல்லி தன் தோழர்களோடு வந்தான். பின்னர் உலகெங்கும் பரவிய பணி இப்படித்தான் தொடங்கியது.

இடம் தேடி அலைந்த ஆண்டுகள்

ஞாயிறுதோறும் கூடும் சிறுவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் பெருகியது. செபமும் மறைக்கல்வியும் விளையாட்டும் சேர்ந்த இந்தக் கூட்டத்திற்கு 'ஆரட்டரி' என்று பெயர். ஆனால் இந்தப் பிள்ளைகளின் சத்தத்தை யாரும் விரும்பவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம், மாவு ஆலை அருகிலுள்ள ஆலயம், வாடகை வீடு, திறந்தவெளி வயல் என ஒவ்வோர் இடத்திலிருந்தும் அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அக்கம்பக்கத்தார் முறையிட்டனர். காவல்துறை சந்தேகப்பட்டது. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நண்பர்களே நினைத்தனர். தம் நிறுவனங்களில் அவருக்குப் பணி கொடுத்திருந்த பரோலோ சீமாட்டி, இந்தச் சிறுவர்களையோ அந்தப் பணியையோ தேர்ந்துகொள்ளச் சொன்னபோது, அவர் சிறுவர்களையே தேர்ந்துகொண்டார்.

நகரின் பங்குத்தந்தையர் சிலரும் ஒரு கவலையைத் தெரிவித்தனர். இப்படி ஓர் இடத்தில் கூடினால் பிள்ளைகள் தங்கள் பங்கை மறந்துவிடுவார்களே என்பது அவர்கள் வாதம். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்தவர்கள், தங்கள் பங்கு எதுவென்றே அறியாதவர்கள் என்று தொன் போஸ்கோ விளக்கினார். பேராயர் பிரான்சோனி அவருக்குத் துணை நின்றார்.

1846-ஆம் ஆண்டு ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா அன்று, வால்தோக்கோ பகுதியில் பினார்தி என்பவருக்குச் சொந்தமான ஒரு தாழ்ந்த கொட்டகை அவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. அதுவே முதல் சிற்றாலயம். அதன் கூரை எவ்வளவு தாழ்வு என்றால், அடுத்த ஆண்டு உறுதிப்பூசுதல் வழங்க வந்த பேராயர், தலைச்சீரா அணிந்து நிமிர்ந்தபோது அது மேலே இடித்துவிட்டது. பேராயரும் சிரித்தார், பிள்ளைகளும் சிரித்தனர். அந்தக் கொட்டகையில் வசதி இல்லை. ஆனால் அங்கே வந்தவர்களுக்கு அது தங்கள் வீடு என்று தெரிந்திருந்தது.

கொட்டகை கிடைத்த அதே ஆண்டு ஜூலை மாதம் கடும் நோயால் தொன் போஸ்கோ சாவின் விளிம்புக்குச் சென்றார். கல் சுமக்கும் சிறுவர்கள் வேலை முடிந்து ஆலயங்களில் முழந்தாளிட்டனர், நோன்பிருந்தனர், கடினமான நேர்ச்சைகள் செய்தனர். அவர் பிழைத்தெழுந்தார். தம் உயிர் இனி அவர்களுக்கே உரியது என்று அவர்களிடம் சொன்னார். கூடவே, அவர்கள் செய்திருந்த கடினமான நேர்ச்சைகளை அவர்களால் நிறைவேற்றக் கூடியவையாக மாற்றியும் கொடுத்தார். இளையோரின் பக்தியில் வேகம் உண்டு. அந்த வேகத்தை அணைக்காமல் நெறிப்படுத்த அவர் அறிந்திருந்தார்.

அவ்வாண்டு நவம்பர் 3 அன்று, 58 வயதான தாய் மார்கரீத்தா தம் கிராமத்தை விட்டு மகனோடு தூரின் வந்தார். திருமண ஆடைகளைப் பீடத்திற்கான துணிகளாகத் தைத்தார். தம் தங்கச் சங்கிலியையும் மோதிரத்தையும் விற்றார். பத்து ஆண்டுகள் சமைத்தார், கிழிந்த உடைகளைத் தைத்தார். அவர் வளர்த்த காய்கறித் தோட்டத்தைப் பிள்ளைகள் விளையாட்டில் மிதித்து நாசமாக்கியபோது, ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று ஒருநாள் மனம் நொந்தார். மகன் ஒன்றும் சொல்லாமல் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். தாய் திரும்பவும் வேலையைத் தொடர்ந்தார். 1856-ஆம் ஆண்டு நவம்பர் 25-இல் அங்கேயே இறந்தார். இளையோர் பணி குருவானவர் ஒருவர் மட்டும் செய்யும் வேலை அன்று என்பதை இந்தத் தாயின் வாழ்வு சொல்கிறது.

அன்பு, அருளடையாளம், பொறுப்பு

தொன் போஸ்கோ பிள்ளைகளை விளையாட வைத்ததோடு நின்றிருந்தால், அவர் நல்ல சமூக சேவகராக மட்டும் இருந்திருப்பார். அவர் அவர்களுடைய வாழ்க்கை முழுவதையும் பார்த்தார். வார நாள்களில் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கே போய்ச் சந்தித்தார். 1851, 1852-ஆம் ஆண்டுகளில் தொழில் பழகும் சிறுவர்களுக்காக முதலாளிகளோடு எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்தார். தொழிலுக்குத் தொடர்பில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது, அடிக்காமல் சொல்லால் திருத்த வேண்டும், திருநாள்களில் விடுப்பு தர வேண்டும் என்று அவற்றில் எழுதப்பட்டது. 1853 முதல் செருப்புத் தைத்தல், தையல், நூல் கட்டுதல், தச்சு, அச்சு என்று தொழிற்கூடங்களை ஆரட்டரியிலேயே ஒவ்வொன்றாகத் தொடங்கினார்.

அதே வேளையில் ஒப்புரவு அருளடையாளமும் நற்கருணையும்தான் தம் கல்வி முறையின் தூண்கள் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஞாயிறு விடியற்காலையில் பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்வார். பின்னர் திருப்பலி. அதன்பின் விளையாட்டுத் திடலில் சிறுவர்களோடு ஓடுவார். அதே குரு, அதே முகம். ஓட்டப் பந்தயத்தில் தங்களோடு ஓடியவரிடம் பாவங்களைச் சொல்ல அவர்கள் தயங்கவில்லை.

மிக்கேல் மகோனே என்ற சிறுவனின் வாழ்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கர்மஞோலா ரயில் நிலையத்தில் ஒரு சிறுவர் கும்பலுக்குத் தலைவனாகத் திரிந்தவன் அவன். 1857-இல் ஆரட்டரிக்கு வந்தான். முதலில் துள்ளித் திரிந்தவன் சில வாரங்களில் முகம் வாடினான். மற்றப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு நற்கருணை பெறுவதையும், தன்னால் முடியாதிருப்பதையும் கண்டு அவன் மனம் உறுத்தியது. அவனுக்குத் துணையாக விடப்பட்டிருந்த தோழன் அதைக் கவனித்துச் சொன்னான். தொன் போஸ்கோ அவனை அழைத்துப் பேசினார், ஆனால் வற்புறுத்தவில்லை. அவனே மனம் திறந்து நல்ல பாவசங்கீர்த்தனம் செய்தான், அமைதி பெற்றான். 1859-இல் தன் 13-ஆம் வயதில் நல்ல மரணம் அடைந்தான்.

1854-இல் 12 வயதில் ஆரட்டரிக்கு வந்த புனித தோமினிக் சாவியோவை நாம் அறிவோம். புனிதனாக வேண்டும் என்ற ஆவலில் அவன் கடும் தவ முயற்சிகளில் இறங்கியபோது தொன் போஸ்கோ தடுத்தார். மகிழ்ச்சியாக இருத்தல், படிப்பையும் செபத்தையும் ஒழுங்காகச் செய்தல், தோழர்களுக்கு உதவுதல் ஆகியவையே அவனுக்குரிய புனிதப் பாதை என்று காட்டினார். 1856-இல் சாவியோ தன் நண்பர்களோடு அமல உற்பவ மாதா சபையைத் தொடங்கினான். புதிதாக வரும் பிள்ளைகளையும் அடங்காத பிள்ளைகளையும் கவனித்துக்கொள்வதே அதன் உறுப்பினர்கள் ஏற்ற பொறுப்பு. அதாவது, பிள்ளைகளை நம்பிக்கையில் வளர்க்கும் வேலையைப் பிள்ளைகளே பகிர்ந்துகொண்டனர்.

பொறுப்பை நம்பி ஒப்படைத்தால் இளையோர் எவ்வளவு உயர்வார்கள் என்பதை 1854-ஆம் ஆண்டின் காலரா நாள்கள் காட்டின. தூரின் மக்கள் நோயாளிகளைத் தொடவே அஞ்சியபோது, ஆரட்டரியிலிருந்து 44 பேர் பணிவிடைக்கு முன்வந்தனர். அவர்களில் ஒருவரும் அந்த நோய்க்குப் பலியாகவில்லை. 1859-ஆம் ஆண்டு டிசம்பர் 18 இரவு, தொன் போஸ்கோவின் அறையில் 18 பேர் கூடிச் சலேசிய சபையைத் தொடங்கினர். அவரையும் இன்னொரு குருவையும் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் அவர் கைகளில் வளர்ந்த இளைஞர்களே. சிறுவனாக அவரிடம் வந்த மிக்கேல் ரூவா, பின்னாளில் அவருக்குப்பின் சபையின் தலைவரானார். யோவான் கலியேரோ 1875-இல் அர்ஜென்டினாவுக்கு முதல் மறைபரப்புக் குழுவை வழிநடத்தினார். 1872-இல் புனித மரிய மசரெல்லோவுடன் இணைந்து பெண்பிள்ளைகளுக்காகச் சகாய அன்னையின் புதல்வியர் சபை தொடங்கப்பட்டது. 1906-இல் சலேசியர் நம் தஞ்சை மண்ணுக்கும் வந்து சேர்ந்தனர்.

உரோமையிலிருந்து ஒரு கடிதம்

பகுத்தறிவு, இறைப்பற்று, கனிவன்பு ஆகிய மூன்றின்மீது தம் கல்வி முறை நிற்கிறது என்று 1877-இல் அவர் எழுதினார். தவறியபின் தண்டிப்பதைவிட, தவறாதபடி உடனிருந்து காப்பதே அதன் உயிர். ஆனால் அவர் வாழ்வின் மாலையில் நடந்த ஒரு நிகழ்வே நம் நெஞ்சை அதிகம் தொடுகிறது.

1884-ஆம் ஆண்டு மே 10 அன்று, 68 வயதில், நலிந்த உடலோடு உரோமையிலிருந்து தூரின் இல்லத்திற்கு அவர் ஒரு கடிதம் அனுப்பினார். அதில் தாம் கண்ட கனவொன்றை விவரித்தார். பழைய நாள்களின் ஆரட்டரியை அவர் கண்டார். பாட்டும் ஓட்டமும் சிரிப்பும், நடுவில் குருக்களும் இருந்தனர். பின்னர் அந்நாளைய ஆரட்டரியைக் கண்டார். பிள்ளைகள் சோர்ந்து நின்றனர், சிலர் மூலைகளில் தனியாகப் பேசிக்கொண்டனர், அருளடையாளங்களில் ஆர்வம் குன்றியிருந்தது. பெரியவர்களோ திடலில் இல்லை. சிலர் தங்களுக்குள் பேசிக்கொண்டு நடந்தனர், சிலர் தூரத்திலிருந்து கண்காணித்தனர். அவர்கள் கடினமாக உழைத்தனர், பிள்ளைகளை நேசிக்கவும் செய்தனர். அப்படியானால் குறை என்ன? பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகள் விரும்புவதைப் பெரியவர்கள் விரும்பினால், பெரியவர்கள் விரும்புவதைப் பிள்ளைகளும் விரும்பக் கற்றுக்கொள்வார்கள். இதுவே அக்கடிதத்தின் சாரம்.

தொன் போஸ்கோவே உருவாக்கிய இல்லத்தில், அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே இந்த நிலை வந்தது என்பது நமக்கு எச்சரிக்கை. கட்டடம் வளர்ந்திருந்தது, ஒழுங்கு இருந்தது, வகுப்புகள் நடந்தன. ஆயினும் திடலிலிருந்து பெரியவர்கள் விலகியபோது, பிள்ளைகள் பீடத்திலிருந்து விலகத் தொடங்கினர்.

1888-ஆம் ஆண்டு ஜனவரி 31 விடியற்காலையில் அவர் இறைவனில் துயில்கொண்டார். 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், உயிர்ப்புப் பெருவிழாவில், திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை இளையோரின் தந்தையும் ஆசிரியரும் என்று அழைத்தார்.

நம் பங்குகளில்

எம்மாவு வழியில் இயேசு செய்ததும் இதுவே அல்லவா? மனம் சோர்ந்து எருசலேமை விட்டுப் போய்க்கொண்டிருந்த இரு சீடரை அவர் நிறுத்தி வைத்துக் கடிந்துகொண்டு தொடங்கவில்லை. அவர்கள் போகும் வழியிலேயே கூட நடந்தார். முதலில் கேட்டார், பிறகே மறைநூலை விளக்கினார், இறுதியில் அப்பத்தைப் பிட்டார். தொன் போஸ்கோ தூரின் தெருக்களில் நடந்ததும் அதே வழி.

நம் பங்குகளில் நாமும் அதே வழியில் நடக்கலாம். அதற்குப் பெரிய மண்டபமோ பெரும் செலவோ தேவையில்லை. ஞாயிறு திருப்பலிக்குப் பின் கால்மணி நேரம் ஆலய வளாகத்தில் பிள்ளைகளோடு நின்று, பெயர் சொல்லி அழைத்துப் பேசலாம். மறைக்கல்வி ஆசிரியர்கள், வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே குறிபோடுவதோடு நில்லாமல், அந்த வாரமே அவன் வீட்டுக் கதவைத் தட்டலாம். உறுதிப்பூசுதல் பெற்ற பிள்ளைகளிடம் வாசகம் வாசிப்பதையும், பாடற்குழுவையும், சிறுவர் வகுப்பில் உதவுவதையும், நோயாளர் சந்திப்பையும் நம்பி ஒப்படைக்கலாம். அவர்கள் செய்வதில் குறை இருக்கும். கூட இருந்து திருத்துவோம். ஒப்புரவு அருளடையாளத்திற்கு அவர்கள் அஞ்சாமல் வர ஏற்ற நேரத்தை ஒதுக்குவோம். பெற்றோர், தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கும் அதே அக்கறையோடு மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு பத்து மணியாவது செபமாலை சொல்லலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஆலய வாசலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்து நிற்கும் அந்தப் பிள்ளையை அடுத்த ஞாயிறு நாம் எப்படிப் பார்க்கப் போகிறோம்? கோலை ஓங்கிய கோவில்பிள்ளையின் கண்ணோடு பார்ப்போமா, அல்லது அவன் தம் நண்பன் என்று சொன்ன குருவின் கண்ணோடு பார்ப்போமா? இந்தக் கேள்விக்கு நாம் அளிக்கும் பதிலில்தான் நாளைய நம் பங்கு இருக்கிறது.

புனித தொன் போஸ்கோவே, எங்கள் இளையோருக்காக வேண்டிக்கொள்ளும்.